வாசலில் விட்ட மிதியடி

திருக்குறளில் விருந்தோம்பல் என்னும் ஒன்பதாம் அதிகாரத்தைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு ஒரு குறை தோன்றுவதுண்டு. பத்துக் குறளும் வீட்டுக்காரரை நோக்கியே பேசுகின்றன. வந்தவரைப் பேணு, வருபவரை எதிர்பார்த்திரு, முகம் கோணாதே என்று எல்லா அறிவுரையும் சோறிடுகிறவருக்கே. அனிச்ச மலரைக் காட்டி எச்சரிக்கப்படுபவரும் அவரே. திண்ணையில் வந்து அமர்ந்திருப்பவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றி வள்ளுவர் அந்த அதிகாரத்தில் ஒன்றும் சொல்லவில்லை. விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். புதிதாய் வந்தவர் என்ன செய்தாலும் பொறுத்துக்கொள்ளலாம் என்று நம் முன்னோர் எண்ணினர் போலும்!

நம் ஆண்டவர் மறுபக்கத்திலிருந்து பேசினார். லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் எழுபத்திரண்டு பேரை ஊர் ஊராக அனுப்புகிறபோது, அவர் தரும் கட்டளைகளில் பெரும்பகுதி விருந்தினருக்கு உரியது. பணமுடிப்பு வேண்டாம், மூட்டை வேண்டாம், மிதியடி வேண்டாம் என்கிறார். நுழைந்த வீட்டிலேயே தங்கு, வீடு மாறாதே, வைத்ததை உண், கொடுத்ததைக் குடி என்கிறார். போதிப்பதற்கு முன்பாகவே உண்பதைப் பற்றிச் சொல்லிவிடுகிறார் என்பது கவனிக்கத்தக்கது. ஊரார் கையிலிருந்து ஒரு கவளம் வாங்கிக்கொள்ளத் தெரியாதவன் அவர்களுக்குக் கொடுப்பதற்கு என்ன வைத்திருக்க முடியும்?

மிதியடி வேண்டாம் என்ற சொல் எந்த ஊரில் எப்படி ஒலிக்குமோ, வேலூருக்கும் வாணியம்பாடிக்கும் இடைப்பட்ட நம் பகுதியில் அதற்குத் தனி ஒலி உண்டு. உலகின் பல நாடுகளுக்குக் காலணி தைத்து அனுப்பும் மண் இது. தோலைத் தொட்டு உழைத்த மக்கள் ஊர்த்தெருவில் செருப்பணிந்து நடக்கக் கூடாது என்று விதித்திருந்த தமிழ்நாட்டின் ஒரு பகுதியும் இதுவே. ஆகவே விருந்தினரின் ஒழுக்கம் குறித்து இங்கே பேசுவோமானால், அதைக் காலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

இத்தகைய இதழ்களில் 'சிற்றூரில் ஒரு நாள்' என்னும் வகையைச் சேர்ந்த கட்டுரைகள் ஆண்டுதோறும் வருகின்றன. தவக்காலத்தில் பங்கு மக்கள் சென்று வந்தது, இளைஞர் இயக்கம் முகாமிட்டது, கல்லூரி மாணவர் களப்பணி செய்தது எனப் பலவாறாக அவை அமையும். நாமும் எழுதியிருக்கிறோம். எனவே பின்வரும் குற்றச்சாட்டிலிருந்து நம்மை விலக்கிக்கொள்ளவில்லை. இக்கட்டுரைகளில் மக்கள் எப்போதும் 'வெள்ளந்தி'யாக இருக்கிறார்கள். ஏழ்மையிலும் அவர்களுடைய புன்னகை மாறுவதில்லை. அவர்கள் இருப்பதைப் பகிர்கிறார்கள், நாம் கண் கலங்குகிறோம், மாலைப் பேருந்தில் திரும்புகிறோம். அந்த வீட்டு அம்மாள் நாள் முழுவதும் என்ன வேலை செய்கிறார், கூலி எவ்வளவு, எவரோடு வழக்கு, எதற்காகச் சிரித்தார், எதை விரும்பவில்லை என்பன எழுதப்படுவதில்லை. வெள்ளந்தி என்ற சொல் பாராட்டுப்போல் ஒலித்தாலும், அது கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிற சொல் என்பதே நம் கருத்து. ஒருவர் வெள்ளந்தி என்று முடிவு கட்டிவிட்ட பிறகு அவரிடம் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

இந்த வகை எழுத்தை எதைக்கொண்டு அளப்பது என்று தேடியபோது, ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' நாவலிடம் மீண்டும் சென்றோம். 1970களின் தொடக்கத்தில் தொடராக வந்து நூலான படைப்பு அது. கிருஷ்ணராஜபுரம் என்னும் சிற்றூருக்கு ஹென்றி என்ற இளைஞன் லாரியில் வந்து இறங்குகிறான். ஊரார் இதுவரை கண்டிராத கோலம். பெயரோ கிறித்தவப் பெயர். பேசுவதோ, தன்னை எடுத்து வளர்த்த சபாபதிப் பிள்ளையிடம் கற்ற தமிழ். இறந்துபோன அந்தத் தந்தை எப்போதோ விட்டு நீங்கிய ஊரையும் வீட்டையும் காண வந்திருக்கிறான்.

தமிழ்ப் புனைகதையில் ஊருக்கு வந்த விருந்தினர் பலர் உண்டு. சீர்திருத்த வந்தவர்கள், காதலிக்க வந்தவர்கள், பள்ளிக்கூடம் கட்ட வந்தவர்கள், பேய் ஓட்ட வந்தவர்கள்! ஹென்றி எதற்கும் வரவில்லை. அதுவே அவன் சிறப்பு. ஆசிரியர் தேவராஜனின் வீட்டில் இடம் கிடைக்கிறது, அங்கே தங்குகிறான். அந்த வீட்டுப் பெண்மணி இட்டதை உண்கிறான். ஊரார் தன் தந்தையைப் பற்றிச் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்கிறான். அவற்றுள் தந்தைக்குப் பெருமை தராதனவும் உண்டு. அவன் மறுத்து வாதிடுவதில்லை. தன் தந்தையின் கதையில் ஊருக்கும் பங்கு உண்டு என்பதை அவன் ஒப்புக்கொள்கிறான். இதைச் செய்யத் தெரிந்த விருந்தினர் அரியர். நாம் ஓர் ஊருக்குப் போகும் முன்பே அதைப் பற்றிய முடிவுகளை மூட்டைகட்டி எடுத்துப் போகிறோம். ஆண்டவர் வேண்டாம் என்ற மூட்டைகளுள் இதுவும் அடங்கும் என்று கொள்வதில் பிழையில்லை.

சொத்து பற்றிய பகுதி நாவலின் உச்சம் எனலாம். சபாபதிப் பிள்ளையின் தம்பி துரைக்கண்ணு, தன் அனுபோகத்தில் இருக்கும் நிலத்துக்கு உரிமை கொண்டாட ஒருவன் வந்துவிட்டான் என்று கொதித்தெழுகிறார். ஹென்றியோ நிலம் எதையும் கேட்கவில்லை. அவனுக்கு அந்தப் பழைய வீடு ஒன்றே போதும். இவ்வளவுதானா என்று துரைக்கண்ணு திகைத்து, பின்பு உருகிப்போகும் இடத்தில், வந்தவன் கை வெறுங்கையாக இருப்பதன் ஆற்றலை ஜெயகாந்தன் காட்டிவிடுகிறார். கொடுக்க வருகிறவனையும் எடுக்க வருகிறவனையும் கண்டு அஞ்சிப் பழகிய ஊருக்கு, இரண்டுமற்றவன் ஒருவன் கிடைக்கிறான்.

மனநிலை பிறழ்ந்து ஆடையின்றித் திரியும் பேபி என்ற பெண் அந்த வீட்டில் புகலடைகிறாள். ஹென்றி அவளுக்கு உடையும் உணவும் தருகிறான். ஒருநாள் அவள் போய்விடுகிறாள். அவளைப் பூட்டி வைத்திருக்கலாமே என்ற எண்ணம் அவனுக்கு வருவதில்லை. விருந்தினனாக வந்தவன் விருந்தோம்புகிறவனாக மாறிய பின்னும், வந்தவரின் போக்குவரவு அவர் உரிமை என்பதை மறக்கவில்லை. நம் இல்லங்களும் காப்பகங்களும் படித்துப் பார்க்க வேண்டிய பக்கங்கள் இவை.

இவ்வளவு மதிப்பும் வைத்த பிறகே ஒரு மறுப்பைச் சொல்லத் துணிகிறோம். ஹென்றிக்கு அந்த ஊரில் ஒரு வீடு காத்திருந்தது. பாழடைந்து கிடந்தாலும் அது பிள்ளை வீடு. தந்தையின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் 'அவர் மகனா!' என்று நினைவுகூரும் தெரு இருந்தது. எந்தத் தெருவுக்குள் முதலில் நுழைவது, எவர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பது, அங்கே குடித்தால் இங்கே ஏற்பார்களா என்னும் கேள்விகளை அவன் எதிர்கொள்ள நேரவில்லை. சாதி அறியாதவன்தான், ஆனால் சாதியுள்ள வீட்டின் வாரிசாக வந்தான். அவனுடைய கள்ளமின்மைக்கு அந்த வீடு ஒரு கூரையாக இருந்தது. ஜெயகாந்தனின் கனிவு பெரியது. அந்தக் கனிவு தன் நாயகனை நிறுத்தி வைத்த இடம் வசதியானது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த வசதி இல்லாத நூல் ஒன்று நம் கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்தே வந்தது. பாமாவின் 'கருக்கு' 1992ஆம் ஆண்டு வெளியானது. துறவற மடத்தில் சேர்ந்து, பின்பு அதைவிட்டு வெளியே வந்த ஒரு தலித் பெண்ணின் தன்வரலாறு. அது வந்த புதிதில், நம்மவர் பலர் அதில் மடங்களைப் பற்றிய பகுதிகளை மட்டும் தேடிப் படித்து மனம் புண்பட்டனர். நமக்கு இன்றும் உறுத்துவது அதில் வரும் இரண்டு சிறு காட்சிகள். நிலக்கிழார் வீட்டில் வேலை செய்யும் பாட்டி குனிந்து கையேந்த, வீட்டுக்காரப் பெண் உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுகிறாள். தெருவில் ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கையில் தாங்காமல், கட்டியிருந்த நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். பள்ளிச் சிறுமிக்கு அது வேடிக்கையாகத் தெரிகிறது. அண்ணன் விளக்கிய பின்புதான் பொருள் புரிகிறது. பொட்டலத்தை அவர் தொட்டால் உண்பவருக்குத் தீட்டாம்!

விருந்தைப் பற்றிய நம் இலக்கியம் முழுவதையும் இந்த நூற்கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். ஓர் ஊரில் வாழ்நாள் முழுதும் உழைத்தும், அதே ஊரின் ஒரு வீட்டிலும் விருந்தினராக அமர முடியாதவர் இருந்தால், அந்த ஊரின் விருந்தோம்பலைப் புகழ்ந்து எழுதும் வெளியூரார் எதைக் கண்டு புகழ்கிறார்? இன்னொன்றும் உண்டு. தன் ஊரை உள்ளபடி எழுதியதற்காகப் பாமா ஊராரின் சினத்துக்கு ஆளானார். உள்ளிருந்து எழுதுகிறவர் திரும்பிப்போய் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும். கணக்குக் கொடுக்க வேண்டும். ஒருநாள் விருந்தினராகச் சென்று எழுதுகிற நமக்கு அந்தக் கடன் இல்லை. நம் கட்டுரைகள் இவ்வளவு இனிப்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். பேரணாம்பட்டு மண்ணிலிருந்து எழுதும் அழகிய பெரியவனின் 'தகப்பன் கொடி' முதலிய படைப்புகளைப் படித்துவிட்டு, நம் பயணக் கட்டுரைகளைக் கையிலெடுத்தால் இந்த இனிப்பு திகட்டிவிடும்.

இங்கே நம் திருச்சபையின் பழைய கதை ஒன்றை நினைவுகூராமல் கடக்க முடியவில்லை. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, வந்த இடத்தின் வழக்கங்களுக்கு மதிப்பளித்தவர் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். காவி உடுத்தார், புலால் நீக்கினார், தமிழும் வடமொழியும் கற்றார். 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அவருடைய அணுகுமுறைக்கு இசைவளித்தார். அயல்நாட்டார் ஒருவர் தம்மைக் கற்பவராக ஆக்கிக்கொண்ட அந்தப் பணிவு பெரிது. அதைக் குறைத்துப் பேச நாம் யார்? ஆயினும் ஒரு சிறு செய்தி நம் பகுதியில் வாழ்வோரை நிறுத்தி யோசிக்க வைக்கும். அவர் தோல் காலணியைக் கழற்றிவிட்டு மரப் பாதக்குறடு அணிந்தார். தோல் தீட்டு என்று அவரை ஏற்றுக்கொண்ட வீட்டார் கருதியதே காரணம். மிதியடி வேண்டாம் என்ற ஆண்டவரின் சொல்லை அவர் நிறைவேற்றியதுபோல் வெளிப்பார்வைக்குத் தெரிகிறது. ஆனால் அந்தத் தோலை உரித்து ஊறவைத்துத் தைத்தவருக்கும் அவருக்கும் இடையே அன்றே ஒரு சுவரும் எழுந்தது. மதுரையில் ஏற்கெனவே இருந்த பரதவக் கிறித்தவரின் கோவிலிலிருந்தும் அவர் விலகி வாழ நேர்ந்தது. ஒடுக்கப்பட்டோரிடையே சென்று பழகுவதற்கெனப் பண்டாரசாமிகள் என்ற தனி வகையினர் 1640இல்தான் தோன்றினர்.

விருந்தினர் வீட்டு வழக்கத்தை மதிக்க வேண்டும் என்பது சரி. எந்த வீட்டு வழக்கத்தை? உள்ளே அழைத்தவரின் வழக்கத்தையா, அந்த வாசலில் நிறுத்தப்பட்டவரின் மானத்தையா? இரண்டும் மோதும் வேளை வரும். வரவே வராது என்பதுபோல் எழுதப்படும் பயண அறிவுரைகள் பலவற்றைப் பார்த்திருக்கிறோம். உள்ளூர் உடையை அணியுங்கள், பெரியவரை வணங்குங்கள், கேட்டுப் படம் எடுங்கள் என்றெல்லாம் அவை சொல்கின்றன. எல்லாம் நல்லவையே. நம் ஊர்களில் அவை பாதி வழிதான் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

மறுபாதிக்கு வழிகாட்ட ஆண்டவரே போய் அமர்ந்த இடம் ஒன்று யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் இருக்கிறது. சமாரியாவின் கிணற்றடியில், நடந்து களைத்து உட்கார்ந்தவர் அந்தப் பெண்ணிடம் முதலில் கேட்டது தண்ணீர். யூதரும் சமாரியரும் ஒரே பாத்திரத்தில் புழங்காத காலம். அவள் வியந்தது அதனால்தான். நிலைவாழ்வு பற்றிய உரையெல்லாம் பின்னர் வருகிறது. அவளுடைய குடத்துத் தண்ணீர் தமக்குத் தேவை என்பதை அவர் முதலில் சொல்லிவிட்டார். பின்பு அந்த ஊரார் கேட்டுக்கொண்டதற்கிணங்கி இரண்டு நாள் அங்கே தங்கினார். அந்த இரண்டு நாளும் எவர் வீட்டில் என்ன உண்டார் என்று நற்செய்தியாளர் எழுதவில்லை. எழுதாத அந்தப் பக்கத்தை நம் மறையுரைகளில் எவராவது நிரப்பிக் காட்டினால் நன்றாயிருக்கும்.

நம் பகுதியிலேயே நீண்ட நாள் தங்கிய விருந்தினர் ஒருவர் உண்டு. திருப்பத்தூரில் 1921இல் மருத்துவர் ச. இயேசுதாசனும் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். அவர்கள் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர்கள். நம்மவர் பலர் அந்த வழியே போய்வந்தும் உள்ளே சென்று பார்த்திருக்க மாட்டார்கள். திராவிடக் கோவில் அமைப்பில் எழுந்த அதன் வழிபாட்டுக் கூடத்தைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். நம்மைக் கவர்வது வேறு. இயேசுதாசன் பெரியண்ணன் என்றும் பேட்டன் சின்னண்ணன் என்றும் அழைக்கப்பட்டனர். மருத்துவராக வந்த வெள்ளையரைத் துரை என்று அழைத்துவிட்டுப் போகப் பழகியிருந்த நாட்டில், வந்தவர் ஒரு முறைப்பெயருக்குள், அதுவும் இளையவராக, அடங்கினார். சின்னண்ணன் என்றால் மேலே ஒரு பெரியண்ணன் உண்டு, அவர் இந்த நாட்டவர். அந்த வரிசைக்கு இசைந்து அவர் பல்லாண்டு இங்கே வாழ்ந்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும், படிக்க வருகிறவர்களைத் தொடக்கத்திலேயே ஒரு சிற்றூரில் சில வாரம் தங்க அனுப்பும் ஏற்பாடு உண்டு. நோயைக் கற்பதற்கு முன் நோயாளியின் வீட்டைக் கற்பது நல்ல வரிசைதான். ஒருநாள் முகாம்களோடு இதை ஒப்பிட்டு நாம் வெட்கப்படலாம்.

இனி நம் கதை.

பாலாற்றங்கரையில் இன்று தண்ணீர் கேட்பது அவ்வளவு எளிதன்று என்பதை இவ்விதழின் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலம் போய், 1970களுக்குப் பின் குரோமியம் பரவலாயிற்று. கிணறுகள் நிறம் மாறின. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, தோல் தொழிற்பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாக ஓர் ஆய்வை எடுத்துக்காட்டியது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க 35 லிட்டர் நீர் செலவாகிறது என்ற கணக்கும் அதில் உண்டு. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை நாடறியச் செய்த தீர்ப்பு அது. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்க வேண்டியிருந்தது. இடையில் இருபத்தெட்டு ஆண்டுகள் ஓடியிருந்தன. நல்ல தண்ணீர் தர இயலாத வீட்டில் விருந்தினர் என்ன செய்வது? வள்ளுவருக்கும் இக்கேள்வி எழுந்திருக்காது.

தவக்காலம் ஒன்றில், ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையே ஒரு சிற்றூருக்கு நாம் நால்வர் பங்கின் சார்பில் சென்றோம். காலனியில் ஒரு வீட்டில் அமர்ந்தோம். அந்த வீட்டு அம்மாள் காலணி நிறுவனம் ஒன்றில் மேல்தோல் தைப்பவர். விடியற்காலையில் கம்பெனி வண்டி வந்து ஏற்றிச் செல்லும். அன்று நமக்காக விடுப்புப் போட்டிருந்தார். "குந்துங்கண்ணா" என்று பாய் விரித்தார். எவர்சில்வர் டம்ளர்களில் தண்ணீர் கொண்டுவந்தார். நம்முள் ஒருவர் பையிலிருந்து பாட்டிலை எடுத்து, "எங்ககிட்ட இருக்கும்மா, பரவாயில்லை" என்றார். மற்ற மூவரும் அப்படியே செய்தோம். அந்த அம்மாள் ஒன்றும் சொல்லாமல் தட்டை உள்ளே எடுத்துச் சென்றார்.

வயிற்றுக்கு ஒவ்வாது என்ற அச்சம் மட்டுமே நமக்கு இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நம் நால்வரின் குடும்பங்களிலும், இரண்டு தலைமுறைக்கு முன் அந்தத் தெருவில் தண்ணீர் குடித்தவர் இல்லை. குடிக்காததற்கு அவர்கள் சொன்ன காரணத்தில் கிருமி வரவில்லை. மூடிய பாட்டிலின் மேல் எந்த அச்சத்தால் இது கொண்டுவரப்பட்டது என்று எழுதி ஒட்டியிருப்பதில்லை. தட்டோடு திரும்பிப் போகிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நாமோ அதைப் பிரித்தறிய அவருக்கு ஒரு வழியும் வைக்கவில்லை.

ஊர் திரும்பிய பின் நம்முள் ஒருவர் அந்த நாளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அது வேறோர் இதழில் அச்சாயிற்று. அதில் 'தெளிந்த நீரோடை போன்ற உள்ளங்கள்' என்றொரு தொடர் இருந்தது. சில மாதம் கழித்து, அந்த வீட்டுப் பெண், கல்லூரி மாணவி, பங்குக் கோவிலில் நம்மைக் கண்டு, அதைப் படித்ததாகச் சொன்னாள். முகத்தில் கோபம் இல்லை.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்கண்ணா. நீரோடைன்னு போட்டிருக்கீங்களே, எங்க ஊர்ல அது எங்க இருக்குது? அன்னிக்கு உங்களுக்காகத்தான் அம்மா காலைல கடைக்குப் போய் கேன் தண்ணி வாங்கிட்டு வந்தாங்க. நாங்க குடிக்கிறது வேற தண்ணி."

பிறகு இன்னொன்றும் கேட்டாள். "அம்மா என்னா வேலை செய்றாங்கன்னு எழுதவே இல்லையே. நீங்க கேட்கலையா?"

நாம் படித்த இலக்கியத் திறனாய்வுகளுள் இவ்வளவு சுருக்கமானதும் சரியானதும் வேறொன்று இல்லை. இரண்டே கேள்வியில் அந்தக் கட்டுரை முழுவதும் உதிர்ந்துவிட்டது. ஒரு சிற்றூரைப் பற்றி எழுதியதை அந்த ஊர் வீட்டில் உரக்கப் படித்துக் காட்ட முடியுமா என்பதே போதுமான உரைகல் என்று அன்று முதல் கொண்டிருக்கிறோம். இதனால் எழுத்து முகத்துதியாகிவிடும் என்று நண்பர் ஒருவர் மறுத்தார். நமக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வீட்டார் முகத்துதியை விரும்பவில்லை; தவறான நீரோடையைத்தான் சுட்டிக்காட்டினர்.

மறு ஆண்டு நாம் இருவர் மட்டும் மீண்டும் போனோம். பை எதுவும் எடுத்துச் செல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை, அந்த அம்மாள் வீட்டில் இருந்தார். செருப்பை வாசலில் விட்டு உள்ளே நுழைந்ததும் நாமே தண்ணீர் கேட்டோம். அவர் ஒரு கணம் தயங்கி, "கேன் தீர்ந்துபோச்சு, குழாய்த் தண்ணிதான் இருக்குது" என்றார். அதையே தரச் சொன்னோம். சற்று உப்புக் கரித்தது. உடம்புக்கு ஒன்றும் நேரவில்லை. நேர்ந்திருந்தாலும் அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு நாள்தோறும் நேர்வதில் அது ஒரு நாள் பங்கு.

பேசிக்கொண்டிருக்கும்போது, தையலைப் பற்றிக் கேட்டோம். ஒரு நாளைக்கு எத்தனை இணை, எந்த ஊசி எப்போது முறியும், வெளிநாட்டிலிருந்து ஆள் வந்து பார்வையிடும் நாளில் மேற்பார்வையாளர் எப்படிக் குரல் மாற்றிப் பேசுவார் என்றெல்லாம் சொல்லத் தொடங்கினார். சென்ற ஆண்டு நாம் கண்ட அதே அம்மாளா இவர் என்று வியப்பாக இருந்தது. வெள்ளந்தி என்று சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. கூர்மையான, கேலி தெரிந்த, தன் தொழிலில் தேர்ந்த ஒருவர். விடைபெற எழுந்தபோது நமக்கு முன்பாகவே வாசலுக்கு வந்து, நம் செருப்புகளுள் ஒன்றைக் கையில் எடுத்தார். நாம் பதறித் தடுக்கப் போனோம்.

"இருங்கண்ணா" என்று அதைத் திருப்பி, ஓரத் தையலைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். "இது எங்க கம்பெனித் தையல் இல்ல. நூலை இழுத்துக் கட்டாம விட்டுட்டாங்க. இன்னும் ரெண்டு மாசம்தான் தாங்கும். எவ்ளோ குடுத்தீங்க?"

சொன்னோம். அவர் சிரித்த சிரிப்பில், உள்ளேயிருந்து மகளும் எட்டிப் பார்த்தாள்.